முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு யார் வருவார்?

(எமது சங்கத்தின் மாதர் தலைவிமார் பருத்தித்துறைக்குச் சென்றிருந்தபோது, கணவரை இழந்த பெண்கள் குழுவொன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாமற்போன அங்கத்தவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இரவிரவாகப் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். மலையில் இருந்து இந்த வடக்குக் கரை வரை வருவது சின்னப் பயணம் இல்லை. காலையில் துறைமுகத்தையும் வெளிச்சவீட்டையும் பார்த்தீர்கள். தெருமூடி மடத்துக்குக் கீழே நின்று படம் எடுத்தீர்கள். தட்டைவடையும் வாங்கியாயிற்று. இனிக் கொஞ்ச நேரம் என்னுடைய கதையையும் கேளுங்கோ. எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்துப் பெண்கள் வட்டமாக இருந்தால் கதைப்பேன். அப்படி நினைத்துக்கொண்டே கதைக்கிறேன்.

உங்கள் மாதர் தலைவி ஒருவர் நேற்று தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "எங்க தோட்டத்துலயும் புருசனை இழந்தவங்க நிறையப் பேரு இருக்காங்க. செத்த வீட்டுக்கு எல்லாரும் போறோம், சங்கத்தால மாலை போடுறோம், கருமாதி வரைக்கும் கூட நிக்கிறோம். அதுக்குப் பிறகு என்ன செய்றதுன்னு தெரியல. நீங்க என்ன செய்றீங்க?" நான் இன்று சொல்லப்போவது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

என் கணவர் கடற்றொழிலாளி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். கடல் வந்தது. மூன்றாம் நாள்தான் உடலைக் கண்டோம். அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று வயது. வீடும் போய்விட்டது. அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதுவரைக்கும் வீட்டில் ஆட்கள். சமைக்க ஒருத்தி, பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஒருத்தி, பக்கத்தில் படுக்க ஒருத்தி. அந்தியேட்டி முடிந்தது. இரவல் வாங்கிய பாய்களையும் கிடாரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோரும் போனார்கள். அவர்களில் பிழை இல்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அவர்களிலும் பலர் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள். அடுத்த நாள் விடிய அண்ணன் வேலைக்குப் போனார், அண்ணி கிணற்றடிக்குப் போனா. நான் பாயில் இருந்தேன். அவர் செத்துப்போனார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் செத்த வீட்டு வேலை என்னை விளங்கவிடவில்லை.

அப்படி ஒரு கிழமை போயிருக்கும். முன்பின் நெருக்கமாகப் பழகாத ஒரு அம்மா வந்தா. 1987 மே மாதம் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையில் கணவரைப் பறிகொடுத்தவ. வந்து என் பக்கத்தில் இருந்தா. "அழாதே" என்று சொல்லவில்லை. "அழு" என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போய், "மோனை, இரவில நித்திரை வருகுதே?" என்று கேட்டா. "இல்லையம்மா" என்றேன். "எனக்கும் மூன்று மாசம் வரேல்லை. கதவு தட்டுற சத்தம் கேட்கும், எழும்பிப் பார்ப்பன்" என்றா.

எனக்கும் அதே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. விசர் பிடித்துவிட்டது என்று பயந்திருந்தேன். "எனக்கும்" என்று அவ சொன்னதும் அந்தப் பயம் போனது. துக்கம் போகவில்லை, பயம் போனது. அடுத்த கிழமையும் அவ வந்தா. அதற்கடுத்த கிழமையும் வந்தா.

எங்கள் குழு அப்படித்தான் தொடங்கியது. எந்தத் திட்டமும் இல்லை, பதாகையும் இல்லை. போரில் இழந்த ஒருத்தி, கடலில் இழந்த ஒருத்தியைப் பார்க்க வந்தா. பிறகு நாங்கள் இரண்டு பேரும் மூன்றாமவளைப் பார்க்கப் போனோம்.

இந்த மண்ணில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். 2010ஆம் ஆண்டு அப்போதைய பிரதியமைச்சர் ஹிஸ்புல்லாஹ் வெளியிட்ட கணக்கின்படி, போரினால் கணவரை இழந்த பெண்கள் கிழக்கில் 49,000 பேர், வடக்கில் 40,000 பேர். மொத்தம் 89,000. இவர்களுக்குள் உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ மலையகக் குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கமும் கிளிநொச்சிப் பக்கமும் வந்து காடு வெட்டிக் குடியிருந்தன. வைத்தியர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். உயிருக்குப் பயந்து வடக்கே வந்த அந்தக் குடும்பங்கள், பிறகு வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டன. ஆகவே வடக்கின் விதவைகள் என்று சொல்லும்போது அது வேறு யாரோ இல்லை. உங்கள் சின்னம்மா மகளாகவும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் வேலை செய்த மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். போரின் காயம் ஒரு ஆளின் மனத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் உறவிலும் இருக்கிறது என்பார். அதைக் கூட்டு மனவடு என்று சொல்கிறார்கள். எங்கள் ஒப்பாரி போன்ற பழைய வழக்கங்களில் மருந்து இருக்கிறது என்றும் அவர் காட்டியிருக்கிறார்.

ஒப்பாரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. உங்கள் லயத்திலும் அப்படித்தானே? பெண்கள் வட்டமாக இருந்து, கழுத்தைக் கட்டிப் பிடித்து அழுகிறோம். வாசலில் நுழைகிற பெண் செத்தவரைச் சொல்லித் தொடங்குவாள். இரண்டு வரி போனதும் தன்னுடைய தாயைச் சொல்லி அழுவாள், தன்னுடைய புருசனைச் சொல்லி அழுவாள். ஒருத்தியின் துக்கத்துக்குள் இன்னொருத்தி தன் துக்கத்தையும் கொண்டுவந்து வைக்கிறாள். படிக்காத எங்கள் பாட்டிமார் கண்டுபிடித்த முறை அது. அதில் உள்ள ஒரே குறை, அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு முப்பத்தோராம் நாளோடு, உங்களுக்குப் பதினாறாம் நாளோடு. துக்கம் அந்த நாட்கணக்குக்குக் கட்டுப்படாது.

வெளிநாட்டிலும் இதையே கண்டிருக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் ஃபிலிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர் ஒரு வேலை தொடங்கினார். அதற்கு "விதவைக்கு விதவை" என்று பெயர். கணவரை இழந்து கொஞ்சக் காலம் கடந்த சாதாரணப் பெண்களைச் சேர்த்து, புதிதாக இழந்த பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினார். முதலில் ஒரு கடிதம் போடுவார்கள், இன்ன நாள் பார்க்க வருகிறேன் என்று. பிறகு போவார்கள். டொக்டர் அனுப்பவில்லை, உத்தியோகத்தர் அனுப்பவில்லை. அதே வழியால் நடந்து வந்த ஒருத்தி போனாள். எங்கள் அம்மாவுக்குப் பொஸ்டன் எந்தத் திசை என்றே தெரியாது. ஆனால் செய்தது அதே வேலை.

இனி, நாங்கள் எப்படிக் கூடுகிறோம் என்று சொல்கிறேன்.

இரண்டு கிழமைக்கு ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. எட்டுப் பேருக்குக் குறையாமல் பன்னிரண்டு பேருக்கு மேற்படாமல். கூடினால் இரண்டாகப் பிரிவோம். நாளையும் நேரத்தையும் மாற்றமாட்டோம். மழை பெய்தாலும் மூன்று மணிக்கு ஒருத்தி வந்து கதவைத் திறந்து வைத்திருப்பாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆறு மாதம் வராதவளும் ஏழாம் மாதம் வந்து பாய் எடுத்துப் போட்டு இருக்கலாம். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.

இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். ஊர் சின்னது, மீன் சந்தையில் காலையில் சொன்னது மத்தியானம் கோயிலடிக்கு வந்துவிடும். உங்கள் லயத்தில் இன்னும் மோசம், ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே இந்த ஒரு கட்டுப்பாடு உடைந்தால் குழுவே உடையும். எங்களில் ஒருத்தி ஒருமுறை வெளியில் கதைத்துவிட்டா. அவவே அடுத்த கூட்டத்தில் எழும்பி மன்னிப்புக் கேட்டா. அன்றைக்குப் பிறகு அப்படி நடக்கவில்லை.

கேட்டால் ஒழியப் புத்தி சொல்லுவதில்லை. சில பேச்சுகளை நாங்கள் சொல்லவே கூடாது என்று வைத்திருக்கிறோம். "எல்லாம் விதி." "பிள்ளைகளுக்காக மனத்தைத் தேற்று." "நீ இன்னும் இளம் பிள்ளைதானே." "உன்ர மனிசன் குடிகாரன்தானே, போனது நல்லது."

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். அடித்த கணவன் செத்தாலும் பெண் அழுகிறாள். ஊர் சிரிக்கிறது, "அவனுக்கோ இவ்வளவு அழுகை?" என்று. எங்களிடம் அப்படி ஒரு தங்கச்சி வந்தா. இரவில் அடி விழாது என்று நினைக்க நிம்மதியாக இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறதே என்று நினைக்க வெட்கமாக இருக்கிறது, முதல் பிள்ளை பிறந்தபோது அவர் தூக்கிக்கொண்டு நடந்ததை நினைக்க அழுகை வருகிறது என்று சொன்னா. மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்துச் சொல்ல அவவுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. கசிப்பும் சாராயமும் எத்தனை வீட்டை எடுத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளில் உள்ள பெண்களை மறந்துவிடாதீர்கள்.

யாருடைய துக்கம் பெரிது என்று பார்ப்பதில்லை. இதைச் சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். சுனாமிக்கு உலகமே உதவி அனுப்பியது. எனக்குக் கல்வீடு கிடைத்தது. போரில் இழந்த என் சிநேகிதி ஓலைக் கொட்டிலில் இருந்தா. ஒருநாள் கூட்டத்தில் அவ, "உங்களுக்கு வீடு தந்த கடல், எங்களுக்கு ஒண்டும் தரேல்லை" என்று வெடித்தா. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கல்வீட்டை எடுத்துக்கொண்டு அவரைத் திருப்பித் தரட்டும் என்று கத்தினேன். அன்றைக்குக் கூட்டம் பாதியில் நின்றது. இரண்டு கிழமை கழித்து நாங்கள் இருவருமே வந்தோம். அவவுக்கு வீட்டுத் திட்டத்தில் பெயர் போட, பிரதேச செயலகத்துக்கு நான்தான் கூடப் போனேன். சண்டை வராத குழு என்று ஒன்று கிடையாது. சண்டைக்குப் பிறகும் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி எங்கள் பெரிய பிழையைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டம்.

2011 அளவில் ஒரு இளம் பெண் எங்களிடம் வந்தா. கணவர் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். அதற்கு முதல் ஆண்டில், 2010இல், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க ஒரு சட்டம் வந்திருந்தது. சான்றிதழ் இருந்தால் சில உதவிகள் எடுக்கலாம். நாங்கள் எல்லோரும் நல்ல மனத்தோடு அவவுக்குச் சொன்னோம், "எடு பிள்ளை, எத்தனை நாளைக்குக் காத்திருப்பாய், பிள்ளைகளுக்கு உதவும்" என்று. அவ ஒன்றும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து எங்கள் அம்மா தேடிப் போனா. அந்தப் பிள்ளை வாசலில் நின்று சொன்னது இதுதான்: "நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைச் சாக்காட்டிப் போட்டியள்."

அது உண்மை. நாங்கள் விதவைகள், ஆகவே அவவும் விதவை என்று முடிவு கட்டிவிட்டோம். அவவுடைய துக்கம் வேறு மாதிரி. உடல் இல்லை, அந்தியேட்டி இல்லை, முப்பத்தோராம் நாள் என்று ஒன்று இல்லை. அவ பொட்டு வைக்கிறா, ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை சோறு கூடப் போடுகிறா. அது அவவுடைய உரிமை. அதன் பிறகு நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். ஒருவருடைய கணவர் இருக்கிறாரா இல்லையா என்று குழு சொல்லாது. "விதவைகள் குழு" என்ற பெயரையும் விட்டோம். 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மரணச் சான்றிதழ் எடுக்காமலே, இவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழ் எடுக்கலாம். அந்தப் பிள்ளை பிறகு அதை எடுத்தா. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் வீதியில் இருந்தபோது, அவவும் போய் இருந்தா. இப்போது எங்களிடமும் வருகிறா. ஆனால் ஐந்து வருடம் அவ தனியே இருந்ததற்கு நாங்கள் காரணம்.

உங்களிடமும் இப்படிப் பெண்கள் இருப்பார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன புருசன், ஏழு வருடமாகத் தொடர்பு இல்லை. இருக்கிறாரா, வேறு குடும்பமா, செத்தாரா, தெரியாது. அவளுக்காகத் தோட்டம் முடிவெடுக்கக் கூடாது. அவள் எந்தச் சொல்லால் தன்னைச் சொல்கிறாளோ, நாங்களும் அந்தச் சொல்லால் அவளைச் சொல்லுவோம்.

சடங்கு சம்பிரதாயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புருசன் இல்லாதவள் கலியாண வீட்டில் முன்னுக்கு வரக்கூடாது, ஆலாத்தி எடுக்கக்கூடாது. இது இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்தில் ஏகல் நாரி சக்தி சங்கட்டன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தனித்த பெண்களின் பலம் என்று பொருள். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கியது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பிரிந்தவர்கள் எல்லோரும் அங்கத்தவர்கள். உங்கள் சங்கம் மாதிரித்தான், அங்கத்துவம், ஊர் மட்டக் கமிட்டி என்று. காணி பறிபோனால் கூட்டமாகப் போய் நிற்பார்கள். வளையல், பொட்டு, நிறச் சேலை எல்லாம் கூடாது என்ற வழக்கத்தையும் கூட்டமாகவே உடைத்தார்கள். ஒருத்தி தனியே பொட்டு வைத்தால் ஊர் அவளைத் தின்னும். இருபது பேர் வைத்தால் ஊர் என்ன செய்யும்? என்னுடைய மகளின் சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுத்தது எங்கள் குழுவில் உள்ள இரண்டு பேர். அண்ணி முகத்தைச் சுளித்தா. சாப்பிடும் நேரம் சரியாகிவிட்டது. வைக்க விரும்பாதவளை நாங்கள் வற்புறுத்துவதும் இல்லை. வெள்ளைச் சேலையில் ஆறுதல் காணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது கடன். இதில் கவனமாக இருங்கோ. போர் முடிந்த பிறகு நுண்கடன் கம்பனிகள் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்தன. அவர்கள் தேடியது பெண்கள் குழுக்களைத்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. கிழமைக்குக் கிழமை வசூல். நேற்றுவரை பக்கத்தில் இருந்து கண்ணீர் துடைத்தவள், இன்றைக்கு "உன்னால என்ர காசு போகுது" என்று வாசலில் நிற்பாள். பல குழுக்கள் அப்படி அழிந்தன. பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டதும் நடந்தது. 2018இல் அரசாங்கமே, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே எங்கள் குழுவில் கடன் கிடையாது, பிணை வைப்பதும் கிடையாது. சேமிப்பு வேண்டுமானால் கூட்டுறவுச் சங்கத்தில் போடுங்கோ. துக்கம் பகிர்கிற பாயில் கொப்பியும் பேனையும் வரக்கூடாது.

ஆனால் காசு விஷயத்தை விட்டுவிட்டுத் துக்கத்தை மட்டும் கதைக்க முடியாது. கணவர் போன அடுத்த மாதம் அடுப்பு எரிய வேண்டுமே. இதில் உங்களுக்கு எங்களை விடப் பெரிய பலம் இருக்கிறது. கடற்றொழிலாளியின் மனைவிக்குப் பெரும்பாலும் ஒரு கடதாசியும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோல் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. உங்கள் தலைவர்கள் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் திருப்பிச் சொல்கிறேன், வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் தெரியட்டும்.

வேலையில் இருந்தவர் இறந்தால் அவருடைய ஊழியர் சேமலாப நிதி, பெயர் குறித்த ஆளுக்குச் சேரும். பெயர் குறிக்காவிட்டால் சட்டப்படியான உரித்தாளர்களுக்குச் சேரும். ஊழியர் நம்பிக்கை நிதியிலும் இருக்கிற பணத்தோடு மரண நன்மையும் உண்டு. ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். ஆள் இறந்தாலும் அது உரித்தாளர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும். வேலை காரணமாக ஏற்பட்ட விபத்தில் இறந்தால், 1934ஆம் ஆண்டில் இருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் பெண்களுக்குக் கிடைக்காமல் போகிறது? மரணச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. கலியாணம் பதியவில்லை. பெயர் குறித்த ஆள் எப்போதோ செத்துப்போன மாமியார். இதையெல்லாம் தலை சுற்றிக்கொண்டிருக்கிற பெண் தனியே ஓடித் திருத்த முடியாது. அவசரத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்துவிடுவாள். எங்கள் குழுவின் வழக்கம், கந்தோருக்குப் போனால் மூன்று பேர். ஒருத்தி கதைப்பாள், ஒருத்தி கடதாசிகளைப் பார்ப்பாள், உரிய பெண் அழுதால் மற்றவள் கையைப் பிடிப்பாள். உத்தியோகத்தரும் மூன்று பேரைக் கண்டால் "நாளைக்கு வா" என்று எளிதில் சொல்லமாட்டார். இந்தக் கூட்டத்தில் இருக்கிற கணவன் மனைவியருக்கும் ஒன்று சொல்கிறேன். இருவரும் உயிரோடு இருக்கும்போதே கலியாணத்தைப் பதியுங்கோ, சேமலாப நிதியில் பெயர் யாருடையது என்று பாருங்கோ.

இன்னொரு முக்கியமான விஷயம். பக்கத்தில் இருப்பதால் எல்லாம் தீராது. மாதக் கணக்காகச் சாப்பாடும் நித்திரையும் இல்லை, பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறாள் இல்லை, தானும் போகிறேன் என்று கதைக்கிறாள் என்றால், அது வைத்தியரிடம் போக வேண்டிய நிலை. நாங்கள் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987இல் இருந்து உளவளத்துணை செய்து வருகிறது. நீங்கள் உங்களுக்குக் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போங்கோ. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அதற்கு முதல் வீட்டில் இருக்கிற பூச்சிமருந்துப் போத்தலை அப்புறப்படுத்துங்கோ. "சாகிற யோசனை வருகுதோ?" என்று நேராகக் கேளுங்கோ. கேட்டால் யோசனை வரும் என்பது பொய். கேட்க ஒருவர் இருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

சரி, ஊருக்குப் போனதும் என்ன செய்வீர்கள்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு டிவிசனிலும் கணவரை இழந்து இரண்டு வருடமாவது கடந்த பெண்கள் இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கோ. நன்றாகப் பேசுகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களாகவும், கேட்டதை வெளியே சொல்லாதவர்களாகவும் இருந்தால் போதும். ஒரு வீட்டில் சாவு நடந்தால், கருமாதி முடிந்த அடுத்த நாள், பதினேழாம் நாள், அவர்கள் போகட்டும். வெறுங்கையோடு போகலாம். பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, வீட்டு வேலை முடித்துவிட்டுப் போகிற களைப்பு எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் போதும். அடுத்த கிழமையும் போகட்டும். ஒரு வருடம் விடாமல் பார்க்கட்டும். முதல் தீபாவளி, முதல் பொங்கல், பிள்ளை பள்ளிக்கூடம் சேருகிற நாள், அவர் செத்த திகதி, இந்த நாட்களைக் குறித்து வைத்துப் போகட்டும். அந்த நாட்களில்தான் ஆள் உடைவாள்.

சங்கம் செய்ய வேண்டியது மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஒரு இடம், பிள்ளைக் காம்பரா என்றாலும் போதும். கந்தோருக்குப் போகிற மூன்று பேருக்குமான பஸ் காசு. கடதாசி விஷயத்தில் துணைக்கு ஒரு தலைவர். சகோதரர்களே, கோபிக்க வேண்டாம், கூட்டத்துக்குள் வந்து தலைமை தாங்க வேண்டாம். வெளியில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

என்னிடம் முதன்முதலாக வந்த அந்த அம்மா இப்போது இல்லை. போன வருடம் காலமானா. பிள்ளைகள் வெளிநாட்டில். செத்த வீட்டில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். அந்தியேட்டியும் செய்தோம். அது முடிந்த அடுத்த நாள் விடிய எனக்குக் கால் தன்பாட்டில் அவவுடைய ஒழுங்கைக்குப் போனது. அங்கே பார்க்க ஒருவரும் இல்லை. திரும்பி வரும் வழியில், இரண்டு மாதத்துக்கு முதல் கணவரை இழந்த ஒரு பிள்ளையின் வீடு இருந்தது. கதவைத் தட்டினேன். "மோனை, நித்திரை வருகுதே?" என்று கேட்டேன்.

உங்கள் பஸ் ஐந்து மணிக்கு வெளிக்கிடுகிறது. அதற்கு முதல் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆறுதலாகக் கதைப்போம். உங்களில் யாருக்காவது தனியே ஒரு விஷயம் சொல்ல இருந்தால், நான் அந்த மூலைப் பாயில் இருப்பேன்.